பானைக்கு வந்த வரி

ராஞ்சிக்கு மாற்றலாகி வரும் நம்ம ஊர்க்காரர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சாலையோரம் அலுமினியப் பானையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் விற்கிறார்களே, அது என்ன, மோரா?"

மோர் இல்லை. ஹண்டியா. அரிசியில் போடும் பீர். ஹண்டி என்றால் பானை. பானையின் பெயரே பானத்துக்கும் ஆகிவிட்டது. சந்தாலியில் ஹண்டி, முண்டாரியில் இலி, ஹோ மொழியில் தியாங். ஆபீஸில் உள்ள வடநாட்டு நண்பர்கள் இதையும் மஹுவா சாராயத்தையும் ஒன்றாகச் சேர்த்து "ஹண்டியா-தாரு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். அரசாங்கக் காகிதங்களிலும் அப்படித்தான். எனக்கு அதில்தான் முதல் ஆட்சேபணை. இரண்டும் வேறு வேறு. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சோட்டா நாக்பூரின் இருநூறு வருடக் கதையில் பாதி புரிந்துவிடும் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம மொழியிலேயே வினைச்சொல் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். கள்ளை 'இறக்குவோம்'. சாராயத்தைக் 'காய்ச்சுவோம்'. கள்ளில் சர்க்கரை மரத்திலேயே இருக்கிறது. பானையில் விழுந்த நிமிடமே காற்றிலும் பானையிலும் இருக்கிற ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். சாராயம் என்பது ஏற்கெனவே புளித்த ஊறலை அடுப்பேற்றி, ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது. பீர் இந்த இரண்டும் இல்லை. தானியத்தில் இருப்பது மாவு. ஈஸ்டுக்கு மாவைத் தின்னத் தெரியாது. யாராவது முதலில் அதைச் சர்க்கரையாக்கித் தரவேண்டும். உலகத்தில் யார் பீர் போட்டாலும் தீர்க்க வேண்டிய சிக்கல் இது ஒன்றுதான்.

ஐரோப்பியர்கள் இதை முளைகட்டித் தீர்த்தார்கள். பார்லியை முளைக்கவிட்டால் அதற்குள்ளேயே மாவை உடைக்கும் நொதி உருவாகும். முளையை உலர்த்தி, உடைத்து, சுமார் 65 டிகிரி வெந்நீரில் ஊறவைத்தால் ஒரு மணி நேரத்தில் இனிப்பான சாறு. அதை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிறகு ஈஸ்ட் சேர்ப்பார்கள். வீட்டிலேயே பீர் போடுகிறவர் கையில் தெர்மாமீட்டர், அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டர், காற்றை வெளியே மட்டும் விடும் அடைப்பு எல்லாம் இருப்பது இதனால்தான். ஒவ்வொரு கட்டமும் தனித்தனி, ஒவ்வொன்றுக்கும் தனி வெப்பம்.

ஆசியாவின் அரிசி நாடுகள் வேறு வழியைப் பிடித்தன: பூஞ்சணம்.

ஹண்டியா போடும் முறை இதுதான். அரிசியைச் சோறாக வடிக்கவேண்டும், குழையவிடக் கூடாது. பாயில் கொட்டிப் பரப்பி நன்றாக ஆறவிடவேண்டும். சூடு இருந்தால் அடுத்துச் சேர்க்கப்போகிற உயிர்கள் செத்துவிடும். பிறகு ரானு. வெள்ளையாக, கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் மாவு உருண்டை. அதைப் பொடித்துச் சோற்றில் தூவிக் கையால் பிசிறவேண்டும். கிலோ அரிசிக்கு மூன்று, நான்கு உருண்டை. வீட்டுக்கு வீடு, உருண்டைக்கு உருண்டை கணக்கு மாறும். கழுவிக் காயவைத்த பானையில் போட்டு, இலையால் மூடிக் கட்டி, ஓரமாக வைத்துவிடவேண்டும். வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாள். ராஞ்சி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 650 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் குளிர் எலும்பைத் தொடும். அப்போது பானையை வைக்கோல் சுற்றி அடுப்புப் பக்கம் வைத்தாலும் நாலைந்து நாளோ ஒரு வாரமோ ஆகும். மூடியைத் திறந்தால் இனிப்பும் புளிப்பும் கலந்த வாசம் வரும். சோற்றிலிருந்து தானாகக் கசிந்து நிற்கும் கெட்டியான முதல் சாறு ராசி, விருந்தாளிக்கும் வீட்டுப் பெரியவருக்கும். மீதிக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடித்தால் ஹண்டியா. சக்கை பன்றிக்கும் மாட்டுக்கும்.

உபகரணம்: ஒரு பானை, ஒரு பாய், ஒரு இலை, ஒரு கை. அவ்வளவுதான் :-)

ஆனால் சூட்சுமம் முழுக்க அந்த ரானுவில் இருக்கிறது. பச்சரிசி மாவில் காட்டு வேர், பட்டை, இலைகளை அரைத்துச் சேர்த்துப் பிசைவார்கள். என்னென்ன வேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். சில வீடுகளில் வெளியே சொல்லவும் மாட்டார்கள். உருட்டியதும் பழைய ரானுவின் பொடியைப் புது உருண்டைகள்மேல் தூவி, வைக்கோலில் புதைத்து வைத்துப் பிறகு காயவைப்பார்கள். நம்ம வீட்டில் பழைய தயிரிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து உறைகுத்துகிற அதே கணக்கு. ஒரு ரானுவின் வம்சாவளியைப் பின்னால் தேடிப்போனால் எத்தனை தலைமுறைப் பாட்டிகளைத் தாண்டவேண்டுமோ! உருண்டைக்குள் ரைசோபஸ், மியூகர் வகைப் பூஞ்சணங்கள், கூடவே ஈஸ்ட்கள், லாக்டிக் பாக்டீரியா. பூஞ்சணம் மாவைச் சர்க்கரையாக்க ஆக்க, ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை உடனுக்குடன் சாராயச் சத்தாக்குகிறது. பார்லிக்காரர்கள் இரண்டு பாத்திரத்தில் இரண்டு கட்டமாகச் செய்வது இங்கே ஒரே பானையில் ஒரே நேரத்தில் நடக்கிறது. தெர்மாமீட்டர் தேவைப்படாததும் அதனால்தான்.

இதை விஞ்ஞானம் கண்டுகொண்டது தாமதமாகத்தான். ஆல்பர்ட் கால்மெட் (பின்னாளில் பி.சி.ஜி. தடுப்பூசியின் 'சி' இவர்தான்) சைகோனில் இருந்தபோது, அங்கே சாராய ஊறலுக்குப் போடும் இதே மாதிரி உருண்டையிலிருந்து மாவை உடைக்கும் பூஞ்சணத்தை 1892-இல் பிரித்தெடுத்தார். அதன் அடிப்படையில் ஐரோப்பாவில் 'அமைலோ முறை' என்ற பெயரில் ஆலைகளே வந்தன. இந்தியாவில், அப்போது பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், ஹட்சின்சனும் சி.எஸ். ராம் அய்யரும் 'பாக்கர்' எனப்படும் இந்த ரானுவை ஆராய்ந்து 20-ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் எழுதினார்கள். ராம் அய்யர், பெயரைப் பார்த்தால் நம்ம பக்கத்துக்காரர் மாதிரிதான் தெரிகிறது. பூசாவில் உட்கார்ந்துகொண்டு ஒரு அய்யர் கள்ளுப்பானையின் பூஞ்சணத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்த காட்சியை நினைத்தால் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

'கள்ளுப்பானை' என்று சும்மா சொல்லவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு வீட்டுச் சமையல் குறிப்பு இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, வாய் அகன்ற தட்டில் ஆற்றி, புற்றாஞ்சோறு போலத் தோன்றும் ஓர் அடையை அதில் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு கழித்து, சாடியில் முற்ற விளையவைத்து, விரலால் அலைத்துப் பிழிவது. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். அந்த அடை நெல்முளையை இடித்தது என்று பொருள் சொல்வதுண்டு. அப்படியானால் பார்லிக்காரர்களின் வழி. ஆனால் காய்ந்த ரானுவின் புறத்தைப் பார்த்தவனுக்குப் 'புற்றாஞ்சோறு' என்ற உவமை வேறு சந்தேகத்தையும் கிளப்பும். தமிழ் படித்த நண்பர்கள் இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லவேண்டும்.

சந்தால்களுக்கு இது வெறும் பானமில்லை. அவர்களுடைய படைப்புக் கதையில் முதல் மனித ஜோடியான பில்சு ஹாடாமுக்கும் பில்சு பூடிக்கும் ஹண்டி போடச் சொல்லிக்கொடுத்ததே பெரிய தெய்வமான மராங் புரு. அதற்குப் பிறகுதான் அவர்களுக்குக் குழந்தைகளே பிறக்கின்றன. பிறப்பு, கல்யாணம், சாவு, சர்ஹுல், கரம் எதுவானாலும் முதலில் தரையில் முன்னோர்களுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுத்தான் மனிதர்களுக்கு. ஹண்டியா இல்லாமல் சடங்கு இல்லை என்ற நிலை.

இந்தப் பானைக்குள் சர்க்கார் தலையை விட்டதுதான் அடுத்த கதை.

வங்காளத்தில் ஜமீன்தார்கள் வசூலித்துக்கொண்டிருந்த கள், சாராய வரியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1790-இல் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. ஒரு வரி அதிகாரியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சாராயத்துக்கு வரி போடுவது சுலபம். பானை, குழாய், விறகு என்று ஒரு இடம் இருக்கிறது; சரக்கு மாதக்கணக்கில் கெடாது; பீப்பாயில் அளக்கலாம், கிடங்கில் பூட்டலாம், உரிமையை ஏலம் விடலாம். ஹண்டியாவை என்ன செய்வது? வடித்தால் அன்றோ மறுநாளோ குடித்தாகவேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். வண்டியில் ஏற்ற முடியாது. ஆலை கிடையாது; ஒவ்வொரு வீடும் ஆலை. அளக்கவே முடியாத சரக்கு. அப்புறம் என்ன வழி? வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவதுதான்.

போட்டார்கள். சோட்டா நாக்பூரில் 1831 டிசம்பரில் வெடித்த கோல் கிளர்ச்சியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் இரண்டு வரி படித்திருப்போம். ('கோல்' என்பது முண்டா, ஓராவோன், ஹோ எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்ட வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த பெயர். மரியாதையான பெயர் இல்லை.) சோனேபூர் பர்கானாவில் தலைமுறை தலைமுறையாக இருந்த கிராமத் தலைவர்களைத் தள்ளிவிட்டு வெளியூர்க் குத்தகைதாரர்களுக்குக் கிராமங்களை எழுதிக்கொடுத்ததுதான் உடனடிக் காரணம். ஆனால் கிளர்ச்சிக்குப் பிறகு பதிவான குறைகளில் நிலத்தோடு கூடவே கூலியில்லா வேலை, கசகசா பயிரிடச் சொன்ன கட்டாயம், வீட்டில் போடும் ஹண்டியாமேல் வரி எல்லாமே இருக்கின்றன. சில மாதங்களில் ராணுவத்தை வைத்து அடக்கினார்கள். 1832-இல் புது பகத் மகன்களோடு கொல்லப்பட்டார். 1833-இல் இந்தப் பகுதியையே வழக்கமான சட்டங்களிலிருந்து பிரித்துத் தென்மேற்கு எல்லை ஏஜென்சி என்று தனியாக ஆக்கி, கேப்டன் வில்கின்சனை ஏஜெண்டாகப் போட்டார்கள்.

நிலம் போனதற்குச் சண்டை என்றால் புரிகிறது, பானைக்கு வரி என்பதற்குமா என்று கேட்கலாம். அடுப்படிக்கு வரி, அதுவும் சாமிக்குப் படைக்கிற பொருளுக்கு என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பொங்கல் பானைக்குத் தாசில்தார் ரசீது போடுகிற மாதிரி.

பிறகு வந்தவர்கள் சூதானமாக நடந்துகொண்டார்கள். 1909-ஆம் வருட வங்காளக் கலால் சட்டத்திலும், அதை ஒட்டி வந்த 1915-ஆம் வருட பீகார்-ஒரிசா கலால் சட்டத்திலும் 'பச்வாய்' என்று ஒரு சொல் வரும். அரிசி, சிறுதானியம் அல்லது வேறு தானியத்தைப் புளிக்கவைத்தது, அதிலிருந்து வரும் திரவம், தண்ணீர் கலந்தாலும் கலக்காவிட்டாலும், எல்லாம் பச்வாய். இலக்கணம் அத்தோடு முடியவில்லை. கடைசியில் ஒரு வால்: பீர் இதில் சேராது!

தானியத்தைப் புளிக்கவைத்தால் பச்வாய், ஆனால் பீர் மட்டும் பச்வாய் இல்லை. என்ன வித்தியாசம்? ரசாயனத்தில் ஒன்றும் இல்லை. ஆலையில் செய்து பாட்டிலில் அடைத்து துரை குடித்தால் பீர். வீட்டில் பானையில் செய்து முண்டா குடித்தால் பச்வாய். இத்தனை வெளிப்படையாகச் சாதி பார்த்த கலால் இலக்கணத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆதிவாசிகள் சொந்த உபயோகத்துக்குப் பச்வாய் போட்டுக்கொள்ள விலக்கு கொடுத்தார்கள், அது உண்மை. ஆனால் உரிமை சலுகையாகிவிட்டது. சலுகைக்கு அளவு உண்டு, நிபந்தனை உண்டு, வாசலில் வந்து நின்று பானையை எட்டிப் பார்க்கிற ஒரு கலால் சிப்பாயும் உண்டு.

சாராயத்தின் பக்கம் நேர்மாறு. 'அவுட்-ஸ்டில்' முறையில் ஏலம் எடுத்தவன் கிராமப்புறத்திலேயே அடுப்பு வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதிகம் விற்றால் அவனுக்கு லாபம், அடுத்த ஏலத்தில் சர்க்காருக்கு லாபம். மலிவுச் சாராயம் பெருகிக் கூச்சல் எழுந்து, 1883-84-இல் விசாரிக்க வங்காள அரசு ஒரு கமிஷனே போடவேண்டி வந்தது. சோறும் தண்ணியுமாக வயிறு நிறைக்கிற மெலிசான பானத்துக்குச் சந்தேகப் பார்வை. குடலை அரிக்கிற சரக்குக்கு ஏல மேடை. மஹுவாவைக் கும்பெனிதான் கண்டுபிடித்தது என்று சொல்லவரவில்லை, மஹுவாப் பூ காட்டில் எப்போதும் இருந்தது. ஆனால் எதைப் பெருக்கினால் கஜானா நிறையும் என்பதில் சர்க்காருக்குக் குழப்பமே இருந்ததில்லை. (நம்ம ஊரில் 1987-இல் கள்ளை மூடியதையும், 2003-இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைத் தன் கையில் எடுத்துக்கொண்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.)

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். ஹண்டியாவை எதிர்த்த குரல்களில் மிகப் பலமானவை உள்ளேயிருந்தே வந்தவை. பிர்சா முண்டா தன்னைப் பின்பற்றியவர்களைக் குடியை விடச் சொன்னார். 1914-இல் ஜத்ரா பகத் தொடங்கிய டானா பகத் இயக்கத்து ஓராவோன்கள் மாமிசத்தோடு மதுவையும் விட்டார்கள். அந்தக் குடும்பங்கள் இன்றும் அப்படித்தான். நிலத்தைப் பறித்தவன் நம்மைப் போதையில் வைத்துத்தான் பறித்தான் என்ற கோபம் அதில் உண்டு. வீட்டு அரிசி பானைக்குள் போய்விட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியும் உண்டு. இதைக் கேட்கும் பெண்களிடம் போய்ப் பண்பாடு என்று பிரசங்கம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

இந்த இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து நின்றார். ஜெய்பால் சிங் முண்டா. குந்தி பக்கத்து டக்ரா கிராமத்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கேப்டன். மதுவிலக்கை அரசின் நெறிமுறையாகச் சேர்க்கும் திருத்தம் விவாதத்தில் இருந்தது. இந்த நாட்டின் மிகப் பழைய குடிகளின் மத உரிமையில் இது கைவைக்கிறது என்றார் அவர். நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நின்று நாற்று நடும் சந்தாலுக்கு அரிசி பீர் இல்லையென்றால் மேற்கு வங்கத்தில் நடவே நடக்காது என்றும் சொன்னார். சபை கேட்டுக்கொண்டது. திருத்தம் நிறைவேறியது. இன்றைய 47-ஆவது ஷரத்தில் மருந்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு, மராங் புருவுக்கு இல்லை.

அவர் சொன்னதன் சாரம் டில்லிக்கு எட்ட இன்னும் கால் நூற்றாண்டு ஆனது. ஆதிவாசிப் பகுதிகளில் வியாபார ரீதியான சாராயக் கடைகளை மூடுங்கள், சொந்த உபயோகத்துக்கு அரிசி பீர் போடுவதை விட்டுவிடுங்கள் என்று 1970-களின் நடுவில் மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டுதல் அனுப்பியது. 1996-ஆம் வருட பெசா சட்டம் போதைப்பொருளைத் தடுப்பதா, கட்டுப்படுத்துவதா என்ற அதிகாரத்தில் கிராம சபைக்கும் இடம் கொடுத்தது. காகிதத்தில் நல்ல சட்டங்கள். கடைகளை மூடினால் கலால் வருமானம் போய்விடுமே என்று எந்த மாநில நிதியமைச்சருக்குத்தான் கவலை இருக்காது?

நம்மை ஆண்டவர்கள் சொந்த ஊரிலும் இதே வேலையைச் செய்தார்கள் என்பது ஒரு ஆறுதல். 1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டுப் பீர்மேல் வரி போட்டபோது, இங்கிலாந்தில் வீட்டில் பீர் போடுகிறவர்களும் லைசென்ஸ் எடுக்கவேண்டியதாயிற்று. 1963-இல்தான் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை ஒழித்தார். அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு போனபோதும் வீட்டு பீருக்கு அனுமதி வரவில்லை. 1978 அக்டோபரில் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகுதான் இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு வருடம் 200 காலன் வரை வரியில்லை என்றானது. அந்த வீட்டுப் பானைகளிலிருந்துதான் அவர்களுடைய சின்னச் சின்ன பீர் ஆலைகள் பல முளைத்தன. அங்கே ஒரு பொழுதுபோக்குக்குக் கிடைத்த முழு விடுதலை, இங்கே ஒரு சடங்குக்குக் கிடைக்கவில்லை.

வடகிழக்கில் கொஞ்சம் காற்று மாறியிருக்கிறது. திமாசா மக்களின் ஜுதிமாவுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெம்ப்ரா என்ற மரப்பட்டை சேர்த்த உருண்டையில் போடும் அரிசி பானம் அது. 2024-இல் போடோ மக்களின் ஜௌ வகைகளுக்கும் அருணாச்சலத்தின் கேழ்வரகு பீரான மருவா அப்போவுக்கும் கிடைத்தது. ரானுவுக்கும் இப்படி ஒரு நாள் வரலாம்.

2000-இல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது 1915-ஆம் வருடக் கலால் சட்டமும் அண்டாகுண்டாவோடு கூடவே வந்தது. சடங்குக்கும் சொந்தக் குடிக்கும் சிக்கல் இல்லை. வாரச் சந்தையில் பானையோடு உட்கார்ந்திருக்கும் பெண்தான் இந்தச் சட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டில் போட்டால் பண்பாடு, சந்தையில் விற்றால் குற்றம். ஒரு போகம் மட்டும் விளையும் மேட்டு நிலத்தில், புருஷன் கேரளாவுக்கோ நம்ம திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்ட வீட்டில், ரொக்கம் புழங்க வேறு வழி இல்லை. 2020-இல் மாநில அரசு 'பூலோ-ஜானோ ஆசீர்வாத்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது: ஹண்டியா-தாரு விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்றக் கடன். 1855 சந்தால் எழுச்சியின் சகோதரிகளான பூலோ, ஜானோ பெயரில். நல்ல திட்டம்தான், மாறியவர்களும் இருக்கிறார்கள். சொல்லை மட்டும் பாருங்கள், 'ஹண்டியா-தாரு'. நடுவில் அந்தச் சின்னக் கோடு இன்னும் அப்படியே இருக்கிறது.

சந்தைக்குப் போனால் காலை பத்து மணி வாக்கில் போங்கள். சால் இலையைக் குச்சியால் தைத்த தொன்னையில் ஊற்றித் தருவார்கள். தொட்டுக்கொள்ள வேகவைத்த கொண்டைக்கடலை, பச்சை மிளகாய். சாயங்காலத்துக்குள் புளிப்பு ஏறிவிடும் என்பதால் இரண்டு மணிக்கெல்லாம் பானையைக் கவிழ்த்துவிட்டு அந்தப் பெண்கள் கிளம்பிவிடுவார்கள்.